மைக்கை மணலில் வைத்தவர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மாடித் தொட்டியில் மிதவை வால்வு மாற்றியது. மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. பழைய வால்வின் பந்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதால் தொட்டி நிறைந்தும் அடைக்காமல், பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வழிந்துகொண்டிருந்தது. நான் ஸ்பானரோடு தொட்டிக்குள் குனிந்திருந்தேன். அப்பா புது வால்வின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி நீட்டினார். எதிர்த்திசையில் சுற்றியிருந்தார்.

"திருகும்போது அவிழ்ந்துடும்ப்பா."

"மாத்திச் சுத்தித் தாறேன் மக்ளே. அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

மாற்றிச் சுற்றித் தந்தார். பிறகு கைப்பிடிச் சுவர் பக்கம் போய், கீழே சமையலறையில் இருந்த அம்மாவுக்கு அறிவித்தார்: "வடிவாம்பாள் அவர்களின் கனிவான கவனத்திற்கு. மோட்டார் சுவிட்சை உடனே அணைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

"அணைச்சு பத்து நிமிஷம் ஆச்சு," என்றாள் அம்மா கீழிருந்து. "மேல ரெண்டு பேரும் என்ன செய்யுதீங்கன்னு அறிவிங்க."

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அப்பா சாதாரணமாகப் பேசினாலே ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு வரை கேட்கும்.

வால்வு பொருந்தியது. வழிவது நின்றது. நான்கு நாள் கழித்து, வியாழன் காலை, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே அப்பா சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மறுநாள் மாலை இறந்துபோனார். வயது அறுபத்தாறு.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் குதிரையைப் பற்றிக் கேட்டார்கள். மிரண்டு ஓடிய குதிரையை அப்பா பிடித்து நிறுத்தினார் என்று ஒருவர் சொன்னார். காதில் ஏதோ மந்திரம் சொல்லி அடக்கினார் என்றார் இன்னொருவர். இரண்டும் தவறு. அப்பா அந்தக் குதிரையைத் தொட்டதே இல்லை. நடந்தபோது நான் அங்கே இருந்தேன்; என்னிடம் எண்களும் இருக்கின்றன. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அப்பாவின் பெயர் தாணுமாலையன். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, இருபத்துநான்கு வயதில் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தார். தம்பானூர் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டர். முப்பத்தொரு வருடம், ஒரே மேசை, ஒரே ஒலிபெருக்கி. எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது புறப்படும் என்று மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். அப்பா அதைச் சும்மா சொல்ல மாட்டார். கூட்டத்தில் குழந்தை தவறிப்போய்க் கவுண்டருக்கு வந்தால், குழந்தை காணவில்லை என்று அறிவிக்கமாட்டார். "நீலச் சட்டை போட்ட ஓர் அப்பா காணாமல் போயிருக்கிறார். அவருடைய மகள் இங்கே பத்திரமாக இருக்கிறாள். அப்பாவைக் கண்டவர்கள் ஒப்படைக்கவும்" என்பார். அழுதுகொண்டிருக்கும் பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்துவிடும். நீலச் சட்டைக்காரரும் ஓடி வருவார்.

ஓய்வு பெற்ற பிறகு பள்ளி விளையாட்டு விழா, குடியிருப்போர் சங்க ஓணப் போட்டி, கோயில் பொங்காலை நாளில் ஆள் தேடும் அறிவிப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். கூட ஞானையன் மாமாவும் போவார். அவர் பாறசாலைக்காரர், அதே டிப்போவில் டிரைவராக இருந்தவர், கிறிஸ்தவ சபையில் மூப்பர். கையில் காப்பி ஃபிளாஸ்க் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு அப்பா "ஓய்". அப்பாவுக்கும் அவர் "ஓய்".

நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், நாடித்துடிப்பு அளக்கும் கருவிகளுக்கு உள்மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் சோதனைக் குழுவில் ரெம்யா என்று ஒரு பெண். விடிவதற்கு முன் வெங்ஙானூர் பக்கம் ஒரு லாயத்துக்குப் போய்க் குதிரை ஏறிவிட்டு, முடியில் வைக்கோல் துணுக்கோடு ஒன்பது மணிக்கு ஆபீஸ் வருவாள். அவள் ஏறும் குதிரை எட்டு வயதுப் பெண் குதிரை. செம்பழுப்பு நிறம், ஆனைக்குன்றிமணியை மலையாளத்தில் மஞ்சாடி என்பார்கள், அதுதான் பெயர். போன வருடம் ஜனவரியில் சங்குமுகம் கடற்கரையில் நெடுந்தூரக் குதிரைச் சவாரி ஒன்று முதன்முறையாக நடந்தது. நடத்தியவர் ஸ்ரீஜித் என்கிற இளைஞர். மலையாளம், தமிழ் இரண்டிலும் கூட்டத்தைக் கட்டி நிறுத்தும் அறிவிப்பாளர் ஒருவர் வேண்டும் என்று ரெம்யாவிடம் கேட்டிருக்கிறார். ரெம்யா என்னிடம் கேட்டாள். நான் அப்பா பெயரைச் சொன்னேன்.

இந்தச் சவாரி பந்தயம் போல இருக்காது. தூரம் எண்பது கிலோமீட்டர். கடற்கரையும் தென்னந்தோப்பு வழிகளுமாக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரை பரிசோதனைத் திடலுக்கு வரவேண்டும். வந்த நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் அதன் நாடி, நிமிடத்துக்கு அறுபத்துநாலுக்கு இறங்கவேண்டும். கால்நடை மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணுவார். அறுபத்துநாலு என்றால் சரி, அறுபத்தைந்து என்றால் வெளியே. பிறகு நொண்டல் இருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பார். கடைசிச் சுற்றிலும் கோட்டைத் தாண்டினால் முடிந்தது என்று இல்லை. அங்கேயும் நாடி இறங்கினால்தான் சவாரி முடிந்ததாகக் கணக்கு. எத்தனையாவதாக வந்தது என்பதைவிட, நல்ல நிலையில் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இது தெரியாது. குதிரை போய்விட்டால் இரண்டு மணி நேரம் வராது. பார்க்க இருப்பது பரிசோதனைத் திடல் மட்டும். அதனால் கூட்டம் முழுக்க அங்கே வந்து கயிற்றில் சாய்ந்துவிடும்.

முதல் வருடம் இரண்டாயிரம் பேர் இருக்கும். கப்பலண்டி என்கிற வேர்க்கடலை வறுப்பவர்கள், ஐஸ்கிரீம் வண்டிகள், வலியதுறையிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள், கழக்கூட்டத்து சைக்கிள் கோஷ்டி, பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள்ளிருந்து குடையோடு வந்த பெரியவர்கள். ஒரு பக்கம் செண்டை மேளம். தலைக்கு மேலே ஐம்பதடியில் வந்து இறங்குவது போல விமானங்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லோரும் அப்பாவிடம் வந்து கேட்டார்கள்: "இதுல யாரு ஃபர்ஸ்ட்?" அப்பா மைக்கில் பதில் சொன்னார்: "இப்போதைக்கு வெயில் ஃபர்ஸ்ட்."

இருபது குதிரைகளில் ஊர்க் குதிரை மஞ்சாடி ஒன்றுதான். மற்றவை பெங்களூர், கோயம்புத்தூர், பூனா, ராஜஸ்தான். இரண்டாவது சுற்று முடித்து மஞ்சாடி வந்தபோது அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரெம்யாவின் ஆட்கள் ஐஸ் கலந்த தண்ணீரை ஊற்றி, தகட்டால் வழித்து, மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது நிமிடம் மருத்துவரிடம் கொண்டுபோகத் திரும்பினார்கள். அப்போது அப்பா அறிவித்தார்: "இதோ, நம் ஊர் மஞ்சாடி, நம் வீட்டுப் பெண் ரெம்யா, நாடிப் பரிசோதனைக்குப் போகிறார்கள். ஒரு பெரிய கைதட்டல்."

கைதட்டினார்கள். கயிறு முன்னால் சரிந்தது. செண்டைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். மஞ்சாடி தலையைத் தூக்கிப் பின்வாங்கியது. இருபதாவது நிமிடம் மருத்துவர் நாகேஸ்வரன் எண்ணியபோது அறுபத்தேழு. மூன்று துடிப்பு அதிகம். மஞ்சாடி வெளியேறியது.

அன்று எல்லோரும் வெயிலைக் குறை சொன்னார்கள். ரெம்யாவும் அப்படித்தான் நினைத்தாள். குதிரையின் சேணத்துக்கு அடியில் நாடி அளக்கும் பட்டை ஒன்று கட்டியிருந்தாள். எங்கள் கம்பெனியில் நான் சரிசெய்து கொடுத்தது. செவ்வாய்க்கிழமை அதன் பதிவை இறக்கிப் பார்த்தேன். அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிட உட்கார்ந்த அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"மஞ்சாடியோட நாடி. கீழ இருக்கது நேரம். பன்னிரண்டாம் நிமிஷம் பாருங்க. அறுபத்துமூணு. பாஸ் ஆகிற நிலைமை. அப்பத்தான் நீங்க கைதட்டச் சொன்னீங்க."

அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கோடு அந்த இடத்தில் ஊசி மாதிரி ஏறுகிறது.

"இந்தக் கூரு நானா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"எண்பத்துநாலு."

அம்மா சாம்பார்க் கரண்டியோடு நின்றாள். செண்டையும் சேர்ந்துதான், கயிறு சரிந்ததும் சேர்ந்துதான் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒற்றைக் கோட்டில் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது என்பது உண்மை. சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். அது என் வழக்கம்.

மறுநாள் அப்பா பஸ் பிடித்துக் கழக்கூட்டம் வந்தார். எங்கள் வளாகத்தின் கேட்டில் நின்று ரெம்யாவை வெளியே கூப்பிட்டார். நானும் போனேன்.

"கேட்டியா மோளே. வெயில் இல்ல. நான்தான்," என்று அச்செடுத்த தாளைக் காட்டினார்.

ரெம்யா தாளைப் பார்த்தாள். "சாரமில்ல அங்கிள்" என்றாள். சாரமில்லை என்றால் பரவாயில்லை. ஆனால் கண் நிறைந்திருந்தது. அந்தக் குதிரையை எண்பது கிலோமீட்டருக்குத் தயார் செய்ய அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அடுத்த வருஷம் என்னால அதுக்கு ஒரு துடிப்பு கூடாது," என்றார் அப்பா.

அந்த வருடம் முழுக்க அப்பாவுக்கு இதே நினைப்பு. இந்த முறை மைக் வேண்டாம் என்று ஸ்ரீஜித்திடம் சொல்லிப் பார்த்தார். "சேட்டன் இல்லெங்கில் ஆள் நிக்கில்ல," என்றார் ஸ்ரீஜித். அவர் இல்லாவிட்டால் ஆள் நிற்காதாம். அப்பா நிபந்தனை வைத்தார். ஒலிபெருக்கி பரிசோதனைத் திடலைப் பார்த்து இருக்கக்கூடாது. தான் மேடையில் அல்ல, கயிற்றோரம் நிற்பார். செண்டை வேண்டாம். முதல் இரண்டுக்கும் ஸ்ரீஜித் ஒத்துக்கொண்டார். செண்டை வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள்.

இந்த ஜனவரியில் கூட்டம் இரட்டிப்பு. போலீஸ் கணக்கு நாலாயிரம், அப்பா கணக்கு ஆறாயிரம். மூன்று துடிப்பில் தோற்ற ஊர்ப் பெண் என்று பத்திரிகையில் வந்திருந்ததால், பாதிப்பேர் ரெம்யாவுக்காகவே வந்திருந்தார்கள். அவள் பெயர் எழுதிய அட்டைகள். குழந்தைகள் கையில் பலூன், ஊதல். இருட்டிலேயே இருபத்திரண்டு குதிரைகள் புறப்பட்டன. விடிந்தபோது மணலில் கால் வைக்க இடமில்லை.

ஏழு ஐம்பதுக்கு மஞ்சாடி முதல் சுற்று முடித்து வந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. அப்பா மைக்கில், "தயவுசெய்து அமைதி, குதிரைக்கு ஓய்வு வேண்டும்," என்றார். அதற்கு விசிலடித்தார்கள். மறுபடி கேட்டார். அட்டைகளை ஆட்டி ரெம்யா, ரெம்யா என்றார்கள். ஒலிபெருக்கி வைத்து அமைதி கேட்டால் அதுவும் ஒரு சத்தம்தான். இந்த முறை பட்டையோடு இணைத்து என் கையில் வைத்திருந்த திரையில் எண்பது, எழுபத்தாறு, எழுபத்தெட்டு என்று ஆடிக்கொண்டிருந்தது. பதினெட்டரை நிமிடம் கழித்துத்தான் அறுபத்துநாலு. நாகேஸ்வரன் எண்ணி, கை உயர்த்தினார்.

பிறகு கயிற்றைத் தாண்டி அப்பாவிடம் வந்தார். அவர் திருநெல்வேலிக்காரர். "அண்ணாச்சி, இது காலை வெயில், தப்பிச்சிட்டுது. அடுத்த சுத்துல இதே சத்தம் இருந்தா நான் ஒண்ணும் செய்யமுடியாது. எண்ணத்தான் முடியும்."

குதிரைகள் மறுபடி போயின. இரண்டு மணி நேரம் இருந்தது. அப்பா சவுக்கு மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஞானையன் மாமா காப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"முப்பத்தொரு வருஷம் கத்தினீரு, ஒருத்தன் கேக்கலேல்லா," என்றார் மாமா.

"வாயை மூடும் ஓய்."

"நான் மூடுவேன். இந்த நாலாயிரம் பேரும் மூடணுமே. எங்க சபையில ஜெபத்துக்குக் கண்ணை மூடுங்கன்னா, வாய் திறந்துக்கிடும். உங்க ஆளுகளும் லேசுப்பட்டவனுவ இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஒரு நாளு மட்டும் பாத்திருக்கேன். உம்ம பள்ளிவேட்டை அன்னைக்கு. கிழக்கேகோட்டைப் பக்கம் பஸ்ஸோட மாட்டிக்கிட்டேன். ரோடு நிறைய ஆளு. ஒருத்தன் இருமல. பஸ்ஸுக்குள்ள கைக்குழந்தைகூட வாயைத் திறக்கல. நானா இன்ஜினை ஆஃப் பண்ணினேன். எனக்கு அதுல என்ன உண்டு, நான் சபைக்காரன். ஆனா ஆஃப் பண்ணினேன்."

அப்பா காப்பியைக் கீழே வைத்தார்.

பத்மநாபசுவாமி கோயில் திருவிழாவில் ஒரு நாள் இரவு சுவாமி வேட்டைக்குப் புறப்படுவார். போகிற வழியில் மேளம் இல்லை, நாகஸ்வரம் இல்லை, பேச்சு இல்லை. விலங்குக்குக் காது கேட்டுவிடக் கூடாது. இருபக்கமும் நிற்கும் ஜனங்களும் மூச்சு விடாமல் நிற்பார்கள். அம்பு இளநீரில் பாய்ந்த பிறகுதான் சத்தம். திரும்பி வரும்போது எல்லா மேளமும் உண்டு. கோட்டைக்குள் வளர்ந்த எவருக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். என்னை அப்பா தோளில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு மூன்று வயது. அன்று நான் பேசவில்லை என்று அம்மா இன்றும் ஆச்சரியப்படுவாள்.

பத்தரை மணிக்கு அப்பா கயிற்றோரம் போய் நின்றார். மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை.

"இன்றைக்கு என்னுடைய கடைசி அறிவிப்பு இது. பள்ளிவேட்டைக்கு நாம் எப்படி நிற்போமோ, அப்படி நிற்போம். டாக்டர் கை உயர்த்துவதுதான் அம்பு. கடைசிக் குதிரைக்கும் அம்பு பாயட்டும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். வாயால் வேண்டாம்."

சுவிட்சை அணைத்தார். மைக்கை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, கயிற்றுக்கு முன்னால் மணலில் வைத்தார். கைக்குட்டை சுற்றாமல் மைக்கை மேசைமேல்கூட வைக்காதவர் அவர்.

பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு கயிற்றோரமாக நடந்தார். எதுவும் சொல்லவில்லை.

அமைதி ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் கோட்டைக்காரர்கள் இருந்த இடத்தில் அடங்கியது. ஒரு மாமி பக்கத்தில் நின்ற சைக்கிள் பையனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அவன் ஏன் என்று கேட்க வாய் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கப்பலண்டிக்காரர் சட்டியில் கரண்டியால் தட்டுவதை நிறுத்தினார். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியைக் கையால் பொத்திப் பிடித்தார். வலியதுறைப் பெண்கள் குழந்தைகளின் ஊதலைப் பிடுங்கி மடியில் செருகினார்கள். ஒருவருடைய போன் அடித்தது. அவர் அதை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார். யாரும் சிரிக்கவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. செண்டைக்காரர்களில் மூத்தவர் கோல்களை இடுப்பில் செருகிக்கொண்டார். மற்றவர்களும் செருகினார்கள்.

மஞ்சாடி வந்தபோது அலைச் சத்தம் கேட்டது. அதுவரை அன்று நான் அலைச் சத்தத்தைக் கேட்கவே இல்லை.

நூற்றுப்பதினாலு. தொண்ணூறு. எழுபத்தெட்டு. வாளித் தண்ணீர் விழும் சத்தம், தகடு வழிக்கும் சத்தம். எழுபது. ஒன்பதாவது நிமிடம் விமானம் ஒன்று இறங்கியது. அதன் நேரத்தை அப்பா முன்னாலேயே பார்த்து வைத்திருந்தார். ஆனால் அது எட்டு நிமிடம் முன்னதாக வந்துவிட்டது. எண்பத்தொன்று. அப்பா என்னைப் பார்த்தார். நான் விரலால் மேலே காட்டினேன். அவர் தலையசைத்தார். பஸ் நிலையத்து ஆள். முன்னதாக வந்துவிட்ட வண்டியைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும். மறுபடி எழுபத்திரண்டு. அறுபத்தெட்டு. பதினாலாவது நிமிடம் அறுபத்துநாலு. நாகேஸ்வரன் ஸ்டெதஸ்கோப் வைத்தார். நாலாயிரம் பேர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுபத்தொன்று. கை உயர்ந்தது.

கைகள் தட்டப் போயின. அப்பா இரு உள்ளங்கைகளையும் காட்டினார். திடலில் இன்னும் நான்கு குதிரைகள் இருந்தன. அவற்றுக்கு அம்பு பாயவில்லை. கைகள் இறங்கின.

கடைசிச் சுற்றில் மஞ்சாடியை ரெம்யா பாதி தூரம் இறங்கி நடந்தே கூட்டி வந்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பதினோரு குதிரைகள் வழியிலும் திடலிலும் வெளியேறிவிட்டன. பூனாக் குதிரை முதலாவதாக வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எஞ்சியவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வரவேண்டியது மஞ்சாடி ஒன்று. வேறு ஊராக இருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். இங்கே ஒருவரும் போகவில்லை. வாயைத் திறக்காமல் குடையைப் பங்கிட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கை மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

ஒன்று முப்பத்தைந்துக்கு மஞ்சாடி கோட்டைத் தாண்டியது. ஒரு சத்தம் இல்லை. குளம்பு மணலில் பதிகிற சத்தம் மட்டும். ரெம்யா சுற்றிலும் பார்த்தாள். "ஏதோ நடந்துபோச்சுன்னு பயந்துட்டேன் அங்கிள். இத்தனை பேரும் என்னையே பாக்குறாங்க, ஒருத்தர் அனங்கல, அசையல," என்றாள் பிறகு. அவளுடைய ஆட்கள் தண்ணீர் ஊற்றினார்கள். பதினோராவது நிமிடம் கொண்டுபோனார்கள். நாகேஸ்வரன் எண்ணினார். அறுபது. ஓடவிட்டுப் பார்த்தார். நேராக ஓடியது. கையை உயர்த்தினார். பிறகு, தேவையில்லாமல், இன்னொரு கையையும் உயர்த்தினார்.

அப்பா செண்டைக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அவசரப்படவில்லை. ரெம்யாவின் ஆட்கள் மஞ்சாடியைத் தூரத்து நிழலுக்குக் கொண்டுபோகும்வரை காத்திருந்துதான் தலையசைத்தார். அதன் பிறகு அந்தக் கடற்கரையில் எழுந்த சத்தத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. மேளம், ஊதல், விசில், வண்டி மணி. தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஞானையன் மாமா ஃபிளாஸ்க் மூடியால் நாற்காலியில் தாளம் போட்டார். "ஓய் தாணு, வார ஞாயிறு எங்க சபைக்கு வாரும். ஆராதனைக்கு முன்ன ஒரு பத்து நிமிஷம் வந்து சும்மா நில்லும், போதும்."

ஸ்ரீஜித் மைக்கை மணலிலிருந்து எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "சேட்டா, ஒரு வாக்கு." ஒரு வார்த்தை பேசச் சொல்கிறார். அப்பா தட்டிப் பார்த்தார். கரகரவென்றது. எல்லோருக்கும் நன்றி, வெயிலாக இருக்கிறது, பத்திரமாக வீட்டுக்குப் போங்கள் என்றார். மைக்கைக் கைக்குட்டையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது எண்களைக் கேட்டார். சொன்னேன். "விமானத்துக்கு எண்பத்தொண்ணா?" "ஆமா." "போன வருஷம் எனக்கு எண்பத்துநாலு." கொஞ்சம் கழித்து, "விமானத்தைவிட மூணு கூட," என்றார். சிரித்தார். ஒரு வருடமாக அந்த எண்ணைச் சொல்லி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். பேசவில்லை, நெஞ்சில் கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த நிமிடம் இருந்த பெருமையை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது இங்கே சொல்கிறேன்.

பிப்ரவரியில் ரெம்யா வீட்டுக்கு வந்தாள். டிசம்பரில் பூனாவில் நூற்றிருபது கிலோமீட்டர் சவாரி. மஞ்சாடிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் தெருவில் அறிவிப்பு ஜீப் போனாலே அது இன்னும் மிரள்கிறது என்றாள்.

"பூனாவுல பள்ளிவேட்டை கிடையாதுல்லா," என்றார் அப்பா. "அங்க சத்தம் இருக்கும். இதுக்குச் சத்தம் பழகணும். நான் வாறேன் மோளே. ஞாயிறு ஞாயிறு வந்து வாசிக்கேன்."

"என்ன வாசிப்பீங்க அங்கிள்?"

"எனக்கு என்ன தெரியும்? பஸ் டைம்தான்."

"அது எந்திரிச்சு பஸ் ஏறப் போயிடாம பாத்துக்கிடுங்க," என்றாள் அம்மா.

அப்பா ஒரு தாளில் பன்னிரண்டு வாரத்துக்குத் திட்டம் போட்டார். கட்டம் கட்டி, எத்தனை மீட்டர் தூரத்தில் நிற்பது, வெறும் குரலா மைக்கா, எத்தனை நிமிடம் என்று தனித்தனியாக. கடைசியில் நாடி என்று ஒரு காலிக் கட்டம். அதை நான் நிரப்ப வேண்டும். லாயத்துக்காரர் ஊரில் இல்லாததால் ஆரம்பம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. கடைசியில் மார்ச் மூன்றாவது ஞாயிறு என்று முடிவாயிற்று. வால்வு மாற்றியதற்கு அடுத்த ஞாயிறு.

தாள் என் மேசையில் இருக்கிறது. முதல் வரி: அறுபது மீட்டர், வெறும் குரல், ஐந்து நிமிடம், போகிற வழியில் சாலைச் சந்தையில் கேரட் இரண்டு கிலோ. நாடிக் கட்டம் காலி. நேற்று ரெம்யா போன் செய்தாள். லாயத்துக்காரர் அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே மஞ்சாடியை வெளியே கட்டி, யாராவது வருவார்கள் என்று ஒன்பது மணி வரை வைத்திருந்தாராம். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.